ஒழுக்கக்கேடு எனும் சொல்லுக்குச் சட்டம் தந்த பொருளும் தர மறுத்த பொருளும்

சூதாட்டம் ஒழுக்கக்கேடா என்ற கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1959 மார்ச் மாதத்தில் விடை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வணிகக் குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து, வட இந்திய நகரமான ஹாப்பூரிலிருந்த இரு நிறுவனங்களோடு விலையின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பந்தய ஒப்பந்தங்கள் செய்திருந்தன. நட்டம் வந்தது. அதைக் கட்டித் தீர்த்த கூட்டாளி மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டபோது, பந்தயம் ஒழுக்கக்கேடான காரியம், ஆகவே அதற்காக ஏற்பட்ட கூட்டும் செல்லாது என்று மறுப்பு எழுந்தது. மனுவும் யாக்ஞவல்கியரும் சூதைப் பற்றிச் சொன்னவையெல்லாம் நீதிமன்றத்தின் முன் வந்தன. தமிழ் மரபில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாகத் தோன்றாது. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் நீதிபதி கே. சுப்பா ராவ் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பந்தய ஒப்பந்தத்தை நீதிமன்றத்தின் துணைகொண்டு நிறைவேற்றிக்கொள்ள முடியாது என்பது உண்மைதான். அதனாலேயே அது சட்டவிரோதமாகவோ சட்டம் கருதும் ஒழுக்கக்கேடாகவோ ஆகிவிடாது. நட்டத்தில் மறுதரப்பின் பங்கைக் கேட்பதற்குத் தடையில்லை.

அந்த முடிவைவிட அதற்கு நீதிமன்றம் சென்ற வழிதான் இன்றும் படிக்கத்தக்கது. ஒழுக்கக்கேடு என்பது பரந்த சொல் என்று தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. வாழ்வின் வழக்கமான நெறிகளிலிருந்து விலகும் எந்த நடத்தையையும், நல்ல மனச்சான்றுக்கு ஒவ்வாத எதையும் அது குறிக்கலாம். அதன் உள்ளடக்கமோ காலத்துக்குக் காலம், இடத்துக்கு இடம், சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. இப்படி நெகிழ்ந்துகொண்டே இருக்கும் கருத்தின்மீது சட்டத்தைக் கட்டினால் அந்தச் சட்டம் தன் நோக்கத்தையே தோற்கடிக்கும் என்று கூறிய நீதிமன்றம், சொல்லுக்கு ஒரு குறுகிய பொருளைத் தேடியது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அதுவரை வந்திருந்த தீர்ப்புகளைப் பார்த்து, பாலியல் தொடர்பான ஒழுக்கக்கேடு என்ற ஒரே பொருளோடு நிறுத்திக்கொண்டது. காமக்கிழத்தி உறவுக்கு ஈடாகச் சொத்து எழுதிவைப்பது, விபசார விடுதிக்கெனப் பொருளை விற்பது அல்லது வாடகைக்கு விடுவது, மணவிலக்குக்கு வழிசெய்யப் பணம் பேசுவது போன்றவையே அந்த எல்லைக்குள் வந்தன. சூது வெளியே நின்றது.

இவ்வளவுக்கும் அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலுள்ள 23ஆவது பிரிவு. ஓர் ஒப்பந்தத்தின் நோக்கமோ அதற்கு ஈடாகத் தரப்படுவதோ சட்டத்தால் தடுக்கப்பட்டதாகவோ, மோசடியாகவோ, பிறருடைய உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு விளைவிப்பதாகவோ இருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவரும் அந்தப் பிரிவு, நீதிமன்றம் அதை ஒழுக்கக்கேடானதாகவோ பொதுக்கொள்கைக்கு மாறானதாகவோ கருதினாலும் செல்லாது என்று முடிகிறது. சொல்லுக்கு விளக்கம் இல்லை. அதற்குப் பதிலாகச் சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு தாய் தன் மகளைக் காமக்கிழத்தியாக இருக்க மற்றொருவருக்கு வாடகைக்கு விடச் சம்மதிக்கிறாள். அது தண்டனைச் சட்டத்தின்படி குற்றமாகாமல் இருக்கலாம், ஆனாலும் ஒழுக்கக்கேடானது என்பதால் ஒப்பந்தம் செல்லாது.

அந்த எடுத்துக்காட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்கள் இருவர் மட்டுமே. மகளின் விருப்பம் என்ன, அவளுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பற்றிச் சட்டம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஒருவர் மற்றவரைப் பொருளாகக் கைமாற்றுவது கொடுமை என்பதுதான் இன்று அதைப் படிக்கும் எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். சட்டத்தை எழுதியவர்களுக்கு அது குற்றமாகக்கூடத் தோன்ற வேண்டியதில்லை. நீதிமன்றத்தின் கை அழுக்காகக் கூடாது என்பதே அவர்களுடைய கவலை. ஒழுக்கக்கேடு என்ற சொல் பாதிக்கப்பட்டவரைப் பாராமல் செயலின் சாயலை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்தப் பழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1866இல் அங்கு ஒரு வழக்கு நடந்தது. குதிரைவண்டி செய்து விற்கும் நிறுவனம் ஒன்று பாலியல் தொழில் செய்த ஒரு பெண்ணுக்கு அழகிய சிறு வண்டியொன்றைக் கொடுத்தது. வண்டி சேதமாகித் திரும்பி வந்தது. உரிய பணத்தைக் கேட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளர்களைக் கவர அந்த வண்டியைப் பயன்படுத்துவாள் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று கண்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு அந்தப் பெண்ணுக்குச் சாதகமானது போலத் தோன்றலாம். உண்மையில் அதன் விளைவு வேறு: அவளோடு யார் வணிகம் செய்தாலும் பணம் வராமல் போகும் ஆபத்து உண்டு என்று வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் அது அறிவித்தது. ஒழுக்கக்கேடு என்று ஒருவரின் தொழிலுக்குப் பெயரிடும்போது, அவர் வாடகைக்கு வீடெடுப்பதும் கடனுக்குப் பொருள் வாங்குவதும் அந்தப் பெயரின் நிழலில் விழுகின்றன.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிழலை இன்னும் நீட்டியது. பெண்களையும் சிறுமிகளையும் கடத்தி விற்பதைத் தடுக்க, 1950இல் நியூயார்க்கில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையையொட்டி வந்த சட்டம் அது. 1986இல் திருத்தப்பட்டு, ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் என்ற பெயரோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பெயரிலுள்ள ஒழுக்கக்கேடு என்ற சொல்லுக்குச் சட்டத்துக்குள் எங்கும் விளக்கமில்லை. தன் விருப்பத்தோடு ஒரு பெண் பாலியல் தொழில் செய்வதை அச்சட்டம் அதனளவில் குற்றமாக்கவும் இல்லை. விடுதி நடத்துவது, பிறர் வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் அழைப்பது, கோயில், பள்ளி போன்ற இடங்களுக்கு 200 மீட்டருக்குள் தொழில் செய்வது ஆகியவையே குற்றங்கள். ஆனால் காவல் நிலையத்தை எட்டும்போது இந்த நுட்பமெல்லாம் கரைந்து, கடத்தியவருக்கும் கடத்தப்பட்டவருக்கும் ஒரே முத்திரை விழுந்தது. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியத்தோடு நடத்த வேண்டும், சோதனையின்போது அவர்களைக் கைதுசெய்து துன்புறுத்தக் கூடாது என்று ஆணையிட வேண்டியிருந்தது. அறுபத்தாறு ஆண்டுகளாக அச்சட்டத்தின் தலைப்பிலுள்ள ஒரு பெயரடை அதன் பிரிவுகளைவிட வலுவாக வேலை செய்திருக்கிறது.

ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வேறொன்றைக் காத்த சட்டத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. 1860 முதல் 2018 வரை பிறன்மனைக் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்த அந்தப் பிரிவு ஆணை மட்டும் தண்டித்தது. மனைவியை உடந்தையாகக்கூடத் தண்டிக்கவில்லை. இது பெண்ணுக்குக் காட்டிய பரிவு என்று நெடுங்காலம் விளக்கம் சொல்லப்பட்டது. பிரிவின் சொற்களை முழுதாகப் படித்தால் பரிவு மறைந்துவிடும். கணவனின் சம்மதத்தோடு அல்லது அவன் கண்டும் காணாமல் இருந்ததோடு அந்த உறவு நடந்திருந்தால் அது குற்றமே அன்று. மணமான ஆண் ஒருவன் மணமாகாத பெண்ணோடோ கைம்பெண்ணோடோ உறவு கொண்டால் அதுவும் குற்றமன்று. அவனுடைய மனைவி புகார் கொடுக்கவும் முடியாது. மணவாழ்வின் நம்பிக்கையை முறிப்பதுதான் ஒழுக்கக்கேடு என்றால், முறிபட்ட மனைவிக்கு ஏன் அந்தப் பிரிவில் இடமில்லை? கணவனின் சம்மதம் எப்படி ஒழுக்கக்கேட்டை ஒழுக்கமாக மாற்றியது? ஒரே விடைதான் பொருந்துகிறது: அந்தப் பிரிவு காத்தது ஒழுக்கத்தை அன்று, கணவனின் உரிமைப்பொருளாகக் கருதப்பட்ட மனைவியை.

மெக்காலே தலைமையில் 1837இல் தயாரான வரைவில் இந்தக் குற்றம் இடம்பெறவில்லை என்பதும், பின்னர் வந்த சட்ட ஆணையர்களே அதைச் சேர்த்தார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கவை. விடுதலைக்குப் பிறகு 1954இலும் 1985இலும் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தாங்கிப்பிடித்தது. 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட், 2018 செப்டம்பர் 27 அன்று அதே பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாக முடிவுசெய்த ஐவர் அமர்வில் அவருடைய மகன் டி. ஒய். சந்திரசூட் இருந்தார். ஒரே சொற்கள் ஒரு தலைமுறைக்கு ஒழுக்கத்தின் அரணாகவும் அடுத்த தலைமுறைக்குப் பெண்ணின் சமத்துவத்துக்கு இழுக்காகவும் தோன்றின. பிறன்மனை நாடுவது நல்ல செயலாகிவிட்டது என்று 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்லவில்லை. அது மணவிலக்குக்குக் காரணமாக இருக்கலாம் என்பதை அப்படியே விட்டுவைத்தது. தவறான செயலையெல்லாம் சிறைக்குரிய செயலாக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

இந்த வேறுபாட்டின்மீதுதான் இருபதாம் நூற்றாண்டின் பெரிய சட்டவியல் விவாதம் ஒன்று நடந்தது. இங்கிலாந்தில் ஓரினச்சேர்க்கையையும் பாலியல் தொழிலையும் ஆராய அமைக்கப்பட்ட உல்ஃபெண்டன் குழு 1957இல் தந்த அறிக்கையில், தனிப்பட்ட ஒழுக்கமும் ஒழுக்கக்கேடும் சேர்ந்த ஒரு பரப்பு உண்டு, அதில் சட்டத்துக்கு வேலை இல்லை என்று எழுதியது. நம் உச்ச நீதிமன்றம் சூது வழக்கில் தீர்ப்பளித்த அதே 1959 மார்ச் மாதத்தில், லண்டனில் நீதிபதி பாட்ரிக் டெவ்லின் இதற்கு மறுப்பாக ஓர் உரை நிகழ்த்தினார். பொதுவான ஒழுக்கம் ஒரு சமூகத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது தளர்ந்தால் சமூகமே சிதறும். ஆகவே ஒழுக்கக்கேட்டைத் தண்டிக்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம். எது ஒழுக்கக்கேடு என்று எப்படி அறிவது? சாதாரண நியாயமான மனிதனுக்கு அந்தச் செயலைக் கண்டால் எழும் சீற்றத்தையும் அருவருப்பையும் அவர் அளவுகோலாக்கினார். சட்டவியல் அறிஞர் எச். எல். ஏ. ஹார்ட் 1963இல் தந்த விடை எளிமையானது: ஒரு சமூகத்தின் ஒழுக்கக் கருத்து மாறுவது அந்தச் சமூகம் அழிவதாகாது, பெரும்பாலோரின் அருவருப்பு ஒரு செயல் தீங்கானது என்பதற்குச் சான்றாகாது.

டெவ்லினின் வாதத்தில் ஒரு பகுதி உண்மை உண்டு. பொதுவான நல்லது கெட்டது பற்றிய உணர்வு எதுவும் இல்லாத சமூகம் எங்கும் இல்லை. கொலையையும் மோசடியையும் சட்டம் தண்டிப்பதற்குக்கூட அந்த உணர்வுதான் பின்புலம். ஆனால் அருவருப்பை அளவுகோலாக ஏற்பதில் உள்ள ஆபத்தைப் புரிந்துகொள்ள நாம் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிந்தது குற்றமாகக் கருதப்பட்டது. உயர்சாதியினர் எனப்பட்டோர் முன்னிலையில் மார்பைத் திறந்திருப்பதே மரியாதை. மறைப்பது முறைகேடு, திமிர், ஒழுங்கை மீறும் செயல். கிறித்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணியலாம் என்று 1814இல் ஆங்கிலேயப் பிரதிநிதி கர்னல் மன்றோவின் ஆணை வந்தபின்பும் தாக்குதல்கள் ஓயவில்லை. 1858–59இல் கலவரம் மூண்டு, பெண்களின் ஆடைகள் பொது இடங்களில் கிழிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் கொடுத்த அழுத்தத்தால் 1859இல் மன்னரின் அறிவிப்பு வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: நாடார் பெண்கள் எந்த வகையிலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக் கூடாது.

அந்தக் காலத்துப் பெரும்பாலோரின் சீற்றமும் அருவருப்பும் எந்தப் பக்கம் இருந்தன என்று கேட்டுப் பார்த்தால், டெவ்லினின் அளவுகோல் யாரைக் குற்றவாளியாக்கியிருக்கும் என்பது விளங்கும். மார்பை மூடுவது ஒரு பெண்ணுக்கு நாணமும் இன்னொரு பெண்ணுக்கு அத்துமீறலுமாக இருந்ததென்றால், அங்கு ஒழுக்கம் என்று அழைக்கப்பட்டது ஒழுக்கமே அன்று; யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்பதை உடலில் எழுதிக்காட்டும் ஏற்பாடு. 1936இல், லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்டுப் பேசப்படாமலே போன உரையில், நற்பண்பைச் சாதி பீடித்துவிட்டது, ஒழுக்கம் சாதிக்குக் கட்டுப்பட்டதாகிவிட்டது என்று அம்பேத்கர் எழுதியது இந்த நிலையைத்தான். தன் சாதிக்காரர் செய்த கொடுமை சரி என்றும், வேறு சாதிக்காரர் செய்த நன்மை தனக்குத் தேவையில்லை என்றும் ஒருவர் நினைக்க முடிகிற இடத்தில், ஒழுக்கக்கேடு என்ற குற்றச்சாட்டு எப்போதும் கீழ்நோக்கியே விழும்.

அம்பேத்கரின் இன்னொரு சொல்லாட்சி பின்னாளில் நீதிமன்றங்களுக்குக் கைகொடுத்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அவையின் முன் வைத்துப் பேசியபோது, அரசமைப்பு ஒழுக்கம், அதாவது அரசமைப்பின் நெறிகளை மதித்து நடக்கும் பண்பு, இயற்கையாக வரும் உணர்வன்று, வளர்த்தெடுக்கப்பட வேண்டியது, நம் மக்கள் அதை இன்னும் கற்க வேண்டியிருக்கிறது என்றார். கிரேக்க வரலாற்றை எழுதிய ஜார்ஜ் குரோட்டிடமிருந்து அவர் எடுத்தாண்ட சொல் அது. அன்று அவர் அதைப் பயன்படுத்திய இடம் சிறியது: நிர்வாக விவரங்களையெல்லாம் அரசமைப்பில் ஏன் எழுதிவைக்க வேண்டும் என்பதற்கான விளக்கம். 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் ஏ. பி. ஷாவும் எஸ். முரளிதரும் அளித்த தீர்ப்பு அந்தச் சொல்லுக்குப் பெரிய வேலையைத் தந்தது. வயதுவந்தோர் தனிமையில் விருப்பத்தோடு கொள்ளும் ஓரின உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின்கீழ் தண்டிப்பதற்குப் பொது ஒழுக்கம் என்ற காரணம் போதாது. அரசு ஓர் ஒழுக்கத்தை முன்னிறுத்த வேண்டுமென்றால் அது அரசமைப்பு ஒழுக்கமாகவே இருக்க முடியும் என்றது அத்தீர்ப்பு. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிறிய பகுதியினர் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. ஒருவருக்கு நேரும் அநீதியை அவரைப் போன்றோரின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்த அந்தக் காரணம், அறத்தின்படியும் சட்டத்தின்படியும் தவறானது என்று நான் கருதுகிறேன். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அந்தத் தவற்றைத் திருத்தியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377க்கும் 497க்கும் இணையான பிரிவுகள் இல்லை.

இதனால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலோரின் அருவருப்பை விலக்கிவிட்டு அரசமைப்பு ஒழுக்கத்தை வைத்தால், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை முடிவுசெய்வோர் நீதிபதிகள்தாம். அரசமைப்பில் மத உரிமை தரும் 25ஆவது கூறு அந்த உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்படுத்துகிறது. பேச்சுரிமைக்கான 19ஆவது கூறும் நாகரிகம், ஒழுக்கம் ஆகியவற்றின் பேரில் கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் 25ஆவது கூற்றிலுள்ள ஒழுக்கம் என்ற சொல்லை அரசமைப்பு ஒழுக்கம் என்றே படித்தார்கள்; நீதிபதி இந்து மல்ஹோத்ரா மாறுபட்டு, ஒவ்வொரு குழுவும் தன் நம்பிக்கையின்படி வழிபட இடம்தருவதே பன்மைச் சமூகத்தில் அந்த ஒழுக்கத்தின் பொருள் என்றார். 2019 நவம்பரில் அந்தத் தீர்ப்பின் மறுஆய்வைக் கேட்ட அமர்வு, ஒழுக்கம், அரசமைப்பு ஒழுக்கம் ஆகிய சொற்கள் அரசமைப்பில் வரையறுக்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டி, அவற்றின் எல்லைகளை வகுக்கும் பொறுப்பைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 1959இல் சுப்பா ராவ் எச்சரித்த நெகிழ்வு வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஆயினும் இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அருவருப்புக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. சமத்துவம், கண்ணியம், சுதந்திரம் என்று சொல்லும் நீதிபதி யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று காட்டியாக வேண்டும், அந்தக் காரணத்தை மற்றவர்கள் சோதித்துப் பார்க்க முடியும்.

காரணம் காட்டத் தேவையில்லாத ஒழுக்கச் சீற்றம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2005இல் கண்டது. நடிகை குஷ்பு, இந்தியா டுடே இதழ் நடத்திய கருத்துக்கணிப்பையொட்டி, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றியும் பாதுகாப்பு பற்றியும் சொன்ன கருத்துக்காக அவர்மீது 23 குற்றப் புகார்கள் தொடுக்கப்பட்டன. பெரும்பாலானவை தமிழ்நாட்டு நீதிமன்றங்களில். தமிழ்ப் பெண்களின் கற்பை இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளை நீக்க மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்று தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் உள்ளிட்ட மூவர் அமர்வு அனைத்தையும் நீக்கியது. சமூக ஒழுக்கம் பற்றிய கருத்துகள் ஆளுக்கு ஆள் மாறுபவை, ஒழுக்கமும் குற்றமும் ஒரே எல்லைக்குட்பட்டவை அல்ல என்று அது எழுதியது. ஒரு கருத்தைச் சொன்ன பெண் நான்காண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களை நாட வேண்டியிருந்தது. அவருடைய சொற்களால் யாருக்கு எந்தத் தீங்கு நேர்ந்தது என்று புகார் கொடுத்தவர்களில் ஒருவராலும் காட்ட முடியவில்லை.

பாலியலோடு நிறுத்திக்கொண்ட குறுகிய பொருளுக்கு நாம் கொடுத்த விலை இங்குதான் தெரிகிறது. பணம் கொடுத்து அரசுப் பதவி வாங்கும் ஒப்பந்தத்தைச் சட்டம் செல்லாததாக்குகிறது, ஆனால் ஒழுக்கக்கேடு என்ற பெயரால் அன்று, பொதுக்கொள்கை என்ற வறண்ட பெயரால். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தைக் கடனுக்குப் பிணைத்த கொத்தடிமை ஒப்பந்தத்தை ஒழிக்க 1976இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது. நம் பேச்சுவழக்கும் அப்படியே. ஒழுக்கம் கெட்டவர் என்றால் மணவாழ்வில் பிழைசெய்தவரை நினைக்கிறோம். கலப்படப் பால் விற்றவரையோ, கூலியைப் பிடித்துக்கொண்டவரையோ, தெருவில் பிணத்தைக் கொண்டுபோக விடாமல் மறித்தவரையோ அந்தச் சொல்லால் அழைப்பதில்லை. பிறருக்கு நேரும் தீங்கை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாக வேண்டும்.

சட்டத்துக்குள்ளேயே இந்தப் பரந்த பொருளுக்கு ஓரிடம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பணியாளர் விதிகளும் வங்கி ஒழுங்குமுறைச் சட்டமும் ஒழுக்கச் சிதைவு சார்ந்த குற்றம் என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன. அத்தகைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை வங்கி வேலையில் வைத்திருக்க முடியாது. 1996இல் உச்ச நீதிமன்றம் அச்சொல்லுக்கு இயல்பிலேயே இழிந்த, கீழ்த்தரமான, நெறிபிறழ்ந்த நடத்தை என்று விளக்கம் தந்தது. வழக்கு, ஒரு தற்காலிக எழுத்தரின் வேலை பற்றியது. பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டதாகத் தண்டனைச் சட்டத்தின் 294ஆவது பிரிவின்கீழ் அவருக்கு முன்னொரு முறை 20 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. அதைக் காட்டி வேலையை மறுத்தார்கள். அது ஒழுக்கச் சிதைவாகாது என்ற நீதிமன்றம், சிறு அபராதத்தோடு முடியும் இத்தகைய குற்றங்கள் ஒருவரின் அரசு வேலைக்குத் தடையாகாதபடி நாடாளுமன்றம் வழிசெய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அதே வேளையில் கையூட்டும் கையாடலும் இந்தச் சொல்லின்கீழ் வருவதில் நீதிமன்றங்களுக்குப் பொதுவாக ஐயம் இருப்பதில்லை. ஒப்பந்தச் சட்டத்தில் குறுகிப்போன சொல், பணியாளர் சட்டத்தில் ஏறக்குறைய இருக்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது: நம்பி ஒப்படைக்கப்பட்டதைத் திருடுவது, பலமற்றவரை ஏய்ப்பது.

இந்தத் தெளிவு அலுவலகங்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் போய்ச்சேர நாளாகும். 2019இல் கோயம்புத்தூரில், மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கியிருந்தார்கள், இன்னோர் அறையில் மதுப்புட்டிகள் இருந்தன என்ற காரணங்களால் தங்குவிடுதி ஒன்றை அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டார்கள். அது ஒழுக்கக்கேடு என்பது அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத உண்மையாகத் தோன்றியிருக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், மணமாகாதவர்கள் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டமோ விதியோ எதுவும் இல்லை என்றும், வயதுவந்த இருவர் சேர்ந்து வாழ்வதே குற்றமாகாதபோது அறையில் தங்கியது எப்படிக் குற்றமாகும் என்றும் கேட்டது. தனியொருவர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் மது வைத்திருக்க மாநில விதிகளே இடம் தருகின்றன என்பதையும் சுட்டிக்காட்டி, விடுதியைப் பூட்டியது சட்டத்துக்குப் புறம்பானது என்று முத்திரையை அகற்ற ஆணையிட்டது.